உறையாத எண்ணெய்

பெங்களூரில் மார்கழிக் குளிர் தொடங்கிவிட்டால் தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்போம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பித்துவிடும். இங்கே டிசம்பர் விடிகாலைகள் அதைவிடக் குளிர்ச்சி. விரலை விட்டுத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். 2021இல் அப்படி ஒரு காலையில் ஜோகுபாளையத்துப் பாட்டி ஒருவர் போன் செய்தார். ஒரு வருடமாக என்னிடம் தலைக்கு எண்ணெய் வாங்குபவர்.

“ஏம்மா, எங்க வீட்டுத் தேங்கா எண்ணெய் கல்லாட்டம் கெடக்கு. நீ குடுத்தது மட்டும் தண்ணியா ஓடுது. என்னத்தம்மா கலந்த?”

“மூலிகை போட்டுக் காய்ச்சினா உறையாது பாட்டி” என்றேன்.

பொய். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அந்த பாட்டிலில் பாதிதான் தேங்காய் எண்ணெய். மீதி நல்லெண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய். என் அம்மாவின் கைப்பாகம் அது. குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் அப்படித்தான் காய்ச்சுவார்கள். கலப்படமே இல்லை. ஆனால் பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளில் நானே அச்சடித்திருந்த வரி இது: ‘சுத்தமான செக்குத் தேங்காய் எண்ணெயில் 16 மூலிகைகள்.’

அந்த 16க்கு ஒரு கதை உண்டு. நான் போடுவது 9 சாமான். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி இலையும் பூவும், மருதாணி இலை, நெல்லிக்காய், வெந்தயம், வெட்டிவேர், கருஞ்சீரகம், கொஞ்சம் கற்றாழை. லேபிள் அடிக்கச் சுல்தான்பேட்டையில் ஒரு அச்சகத்துக்குப் போனேன். அவரிடம் ஏற்கெனவே ஒரு டிசைன் இருந்தது. இலையும் பூவுமாக ஒரு வட்டம், நடுவில் நீளக் கூந்தலோடு ஒரு பெண். “இந்தப் படத்துல 16 இருக்கு மேடம், அப்படியே போட்டுடலாம்” என்றார். ‘100% இயற்கை’, ‘கெமிக்கல் இல்லாதது’, ‘தோல் நிபுணர்களால் பரிசோதிக்கப்பட்டது’ எல்லாமே அவர் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தன. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. தோல் நிபுணரை மட்டும் வேண்டாம் என்றேன். மற்றதெல்லாம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்போது அது பெரிய நேர்மையாகத் தோன்றியது.

நான் இந்த வேலைக்கு வந்தது 2020 ஊரடங்கில், கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது. அல்சூரில் எங்கள் தெருவில் முதலில் நான்கு வீடு, பிறகு மர்பி டவுன், பிறகு ஒயிட்ஃபீல்டு அடுக்குமாடிகள் வரை போனது. இந்த ஊரில் முடி கொட்டினால் முதலில் தண்ணீரைத்தான் திட்டுவார்கள். காவேரித் தண்ணீரா, போர் தண்ணீரா, டேங்கர் தண்ணீரா என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. வேலைக்காக வந்த பிள்ளைகள் ஆறு மாதத்தில் சீப்பைப் பார்த்துப் பயந்துபோகிறார்கள். அந்தப் பயம் இருக்கிறவரை தலைக்கு எண்ணெய் விற்பது கஷ்டமே இல்லை. கஷ்டமெல்லாம் இரண்டாவது பாட்டில் விற்பதில்தான்.

சரி, பாட்டிக்கு வருகிறேன். என் பதிலை அவர் நம்பவில்லை. பேரன் ஏதோ வீடியோவில் பார்த்து, உறையாத எண்ணெயில் லிக்விட் பாராஃபின் என்கிற பெட்ரோலிய எண்ணெய் கலந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறான். பிரிட்ஜில் வைத்தும் பார்த்துவிட்டான். என் எண்ணெய் அரைகுறையாகக் கலங்கி நின்றதாம். அவர்கள் வீட்டு எண்ணெய் பத்து நிமிடத்தில் பால் போல வெளுத்துவிட்டதாம். அந்த வாரம் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பிரதோஷத்துக்குப் போன இடத்தில் பாட்டி நான்கு பேரிடம் சொல்ல, நான்கு பேரும் ஆர்டரை நிறுத்தினார்கள். பையன் செய்த சோதனையில் தப்பில்லை. தேங்காய் எண்ணெய் என்று விற்பது குளிரில் உறையாவிட்டால் அதில் வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த வேறு என்ன என்பதைச் சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. அதனால் அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

மூன்று எண்ணெய் வாங்கிய பில்லையும், அளவு எழுதி வைத்த நோட்டையும் எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் கேட்டது இதுதான்: “நல்லெண்ணெய்னு சொல்லியிருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்? வெள்ளிக்கிழமைக்கு அதைத்தானே தேச்சுக் குளிக்கிறோம். இதுல மறைக்கிறதுக்கு என்னடி இருக்கு?”

மறைக்க என்ன இருந்தது? தேங்காய் எண்ணெய் என்று போட்டால் விற்கும் என்று நினைத்தேன். கலவையின் அளவு தெரிந்தால் வேறு யாராவது செய்துவிடுவார்கள் என்றும் பயம். இரண்டும் அசட்டுத்தனம். கலவையை எழுதிவிட்டால் தொழில் போய்விடாது. பதம் கையில் இருக்கிறது.

அன்றைக்கு இரவே 140 பேர் இருந்த வாட்ஸப் குழுவில் மூன்று எண்ணெயின் பெயரையும் அளவையும் போட்டேன். 16 இல்லை, 9 என்பதையும் எழுதினேன். பெரும்பாலோர் கட்டைவிரல் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, “எனக்கு நல்லெண்ணெய் ஆகாதுக்கா, தலைல வெச்சா சளி புடிச்சுக்கும். ரெண்டு மாசமா மூக்கடைப்புக்கு மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கேன்” என்றாள். மூக்கடைப்பு என் எண்ணெயால் வந்ததா, டிசம்பரால் வந்ததா, யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவள் அதைத் தவிர்த்திருக்க வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பை நான் பறித்துவிட்டேன். எள் ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். அவளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது நல்லெண்ணெய் இல்லாமல் ஒரு வகை தனியாகக் காய்ச்சுகிறேன், அவளால்தான்.

அந்தச் சமயத்தில்தான் அடுத்தவர் லேபிள்களையும் படிக்க ஆரம்பித்தேன். வாங்குகிறவர்களுக்கு இது உதவும். 2020இல் வந்த அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, உள்ளே இருப்பதை அதிகத்தில் தொடங்கிக் குறைவு வரை வரிசையாக எழுத வேண்டும். ஒரு சதவீதமோ அதற்குக் கீழோ உள்ளவை மட்டும் கடைசியில் எப்படி வேண்டுமானாலும் வரலாம். ஆகவே முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் முதல் மூன்று பெயர்களைப் பாருங்கள். முன்பக்கம் முழுக்க நெல்லிக்காயும் கரிசலாங்கண்ணியும் சிரிக்கும். பின்பக்கம் முதல் பெயர் லைட் லிக்விட் பாராஃபின் என்று இருக்கும். பாராஃபின் விஷம் இல்லை. அழகுசாதனத் தரத்தில் உள்ளதைப் பல எண்ணெய்களில் போடுகிறார்கள், தலையும் பிசுபிசுக்காது. ஆனால் மூலிகை எண்ணெய்க்கான விலையைக் கொடுத்து அதை வாங்குகிறோமா என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலே இல்லாத பாட்டில் என்றால் என்னைப் போல வீட்டிலேயே காய்ச்ச ஆரம்பித்தவர்கள் செய்தது என்று புரிந்துகொள்ளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். “அது சீக்ரெட் ஃபார்முலாங்க” என்று பதில் வந்தால் நான் வாங்க மாட்டேன்.

இனி நான் செய்ததிலேயே மோசமானது. எண்ணெய் என்னுடையது, சீயக்காய்த் தூள் என்னுடையது. மருதாணி என்னுடையது இல்லை. 2022இல் பலர் நரைக்கு ஏதாவது கேட்டார்கள். சிக்பேட்டைப் பக்கம் மொத்த விலைக்கு ‘இயற்கைக் கருப்பு மருதாணி’ கிடைத்தது. கிலோ கணக்கில் வாங்கி, 100 கிராம் பாக்கெட்டாகக் கட்டி, என் லேபிளை ஒட்டினேன். பிரமாதமாக விற்றது. போட்டு முக்கால் மணி நேரத்தில் முடி கன்னங்கரேல் என்று ஆகிவிடும். அந்த முக்கால் மணி நேரத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சின்ன வயதில் ஆடி மாதம் கை நிறைய மருதாணி அரைத்து வைத்துக்கொண்டவள் நான். விடிய விடிய வைத்திருந்தாலும் சிவப்புதான் பிடிக்கும். யாருக்காவது கருப்பாகப் பிடித்ததைப் பார்த்திருக்கிறோமா?

மருதாணி இலையில் உள்ள சாயம் லாசோன். அது முடிக்கு ஆரஞ்சும் சிவப்புமான நிறத்தைத்தான் தரும். செடியை வைத்தே கருப்பு வேண்டுமென்றால் மருதாணி போட்டு அலசிய பிறகு அவுரி இலைப் பொடியைக் குழைத்துத் தனியாகப் போட வேண்டும். பொறுமை வேண்டும், அவுரியின் நிறம் அடுத்த நாள்தான் முழுதாக ஏறும். ஒரே பாக்கெட், ஒரே தடவை, ஒரு மணி நேரத்துக்குள் கருப்பு என்றால் அதில் பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லும் பாரா பினைலீன் டையமின் இருக்க வாய்ப்பு அதிகம். சாதாரண ஹேர் டை பலவற்றிலும் அது இருக்கிறது, ஆனால் அங்கே பெட்டியில் எழுதியிருக்கும். சிலருக்கு அரிப்பு வரலாம், முதலில் கொஞ்சம் தடவிச் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் போட்டால் பார்வை போகலாம் என்கிற எச்சரிக்கையும் கூடவே இருக்கும். என் பாக்கெட்டில் இருந்தது ஒரு செம்பருத்திப் பூப் படம்.

கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் இருந்த ஒரு ஆசிரியைக்கு இரண்டாம் நாள் காதுக்குப் பின்னால் தடித்து, நெற்றியெல்லாம் வீங்கிவிட்டது. போட்டோ அனுப்பியிருந்தார். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, என்ன டை போட்டீர்கள் என்பது. “டை போடல, மருதாணிதான்” என்று அவர் அடித்துச் சொல்லியிருக்கிறார், என்னை நம்பி. அந்த வார்த்தை இன்னும் என் வயிற்றைப் பிசைகிறது. கடைக்காரரிடம் போய் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். “எல்லாரும் வாங்குறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன பிராப்ளம்?” என்றார். பில்கூட இல்லை. யாரிடம் போய் நான் சண்டை போடுவது? ஆசிரியையின் மருத்துவச் செலவை நான் கட்டினேன். மீதம் 7 கிலோ பொடியைக் கொட்டினேன். வாங்கிய அத்தனை பேரையும் போனில் கூப்பிட்டு, இருந்தால் போடாதீர்கள், பணம் தருகிறேன் என்றேன். அதில் மூன்று பேர் “எனக்கு ஒண்ணும் ஆகலயே, இருந்தா இன்னும் ரெண்டு பாக்கெட் குடுங்க” என்று கேட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

அதிலிருந்து நான் காய்ச்சாத, அரைக்காத எதிலும் என் பெயரை ஒட்டுவதில்லை. மருதாணி கேட்பவர்களிடம், இலையாக வாங்கி நீங்களே அரையுங்கள் என்கிறேன். பொடியாகவே வேண்டுமென்றால் வெள்ளைத் துணியில் கொஞ்சம் குழைத்து வைத்துப் பாருங்கள். வெறும் மருதாணி என்றால் ஆரஞ்சுக் கறைதான் விழும். இது ஆய்வுக்கூடச் சோதனை இல்லை. ஆனாலும் நான் அன்றைக்குச் செய்திருந்தால் தப்பித்திருப்பேன். எதைப் போடுவதாக இருந்தாலும் முழங்கை மடிப்பில் தடவி, ஒன்றிரண்டு நாள் பொறுங்கள். ஒவ்வாமை உடனே காட்டாது. அடுத்த நாளோ, அதற்கு அடுத்த நாளோதான் தெரியும்.

வாங்கிய அத்தனை பேரையும் கூப்பிட்டேன் என்று எழுதினேன் அல்லவா, அதற்கு நான்கு நாள் ஆனது. யாருக்கு எப்போது எது கொடுத்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கியவளின் லட்சணம்! அடுத்த மழைக்காலத்தில் எண்ணெயிலும் இதே தலைவலி. ஜூன் மாதம், செம்பருத்தி இலை சரியாகக் காயாமல் ஈரமாகவே போட்டுவிட்டேன். இலை எண்ணெயில் போடும்போது சடசடவென்று பொரியும். ஈரம் போகப் போக அந்தச் சத்தம் அடங்கும். அடங்கியதும் அம்மா கரண்டியில் கொஞ்சம் சக்கையை எடுத்து, விரலில் உருட்டித் திரி மாதிரி ஆக்கித் தீயில் காட்டுவார். வெடிக்காமல் எரிந்தால் பதம். நான் அன்றைக்கு அவசரத்தில் காட்டவில்லை. மூன்று வாரத்தில் சில பாட்டில்களில் சிக்கு வாடை, இரண்டில் மூடிக்கு அடியில் பூஞ்சை. அந்தத் தடவை காய்ச்சியதில் எத்தனை பாட்டில், யார் யார் வீட்டில், ஒன்றும் தெரியவில்லை. நல்ல எண்ணெயையும் சேர்த்து 60 பாட்டிலைத் திரும்ப வாங்கினேன்.

பேட்ச் நம்பர் என்பது பெரிய கம்பெனிச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். ஒரு ரூல்டு நோட்டு போதும். எந்தத் தேதி காய்ச்சியது, எண்ணெய் எந்தச் செக்கிலிருந்து, இலை எங்கே வாங்கியது, எத்தனை பாட்டில், யாருக்குப் போனது. பாட்டிலில் அதே எண். வாங்கும்போது நீங்கள் அந்த எண்ணையும், எத்தனை மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதையும் தேடுங்கள். தண்ணீர் சேர்ந்த பொருள் என்றால் இன்னும் கவனம். கற்றாழை ஜெல், அரிசி கழுவிய தண்ணீர் ஸ்ப்ரே என்றெல்லாம் ‘பதப்படுத்தும் பொருள் சேர்க்காதது’ என்று பெருமையாக விற்கிறார்கள். அப்படியானால் அதை பிரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்க்க வேண்டும். ஒரு வருடம் கெடாது, பதப்படுத்தும் பொருளும் இல்லை என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஒன்றாவது பொய்.

பாராட்டுப் போட்டோக்கள் விஷயத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர் ஒரு நர்ஸ். குழந்தை பெற்ற ஒரு பெண் நான்காம் மாதம் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது என்று என் எண்ணெய் வாங்கினாள். மூன்று மாதம் கழித்து முன்பக்கம் பொடிப் பொடியாக முடி முளைத்த போட்டோ அனுப்பினாள். நான் அதை ஸ்டேட்டஸில் வைக்க, ஒரே வாரத்தில் 40 ஆர்டர். வாடிக்கையாளரான அந்த நர்ஸ் அக்கா கேட்டார்: “பிரசவத்துக்கு அப்புறம் கொட்டுறது சில மாசத்துல தானா நின்னுடும். அதுக்கு நீ பேர் வாங்கிக்கறியா?” ஒரு தோல் மருத்துவரிடம் கேட்டேன், அவரும் அதையேதான் சொன்னார். பெரிய காய்ச்சலுக்குப் பிறகும் இப்படித்தான், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்ட ஆரம்பிக்கும், பிறகு அதுவாக முளைக்கும். கொட்டுவது உச்சத்தில் இருக்கும்போதுதானே எண்ணெய் தேடி வருகிறார்கள். நிற்கும்போது கையில் இருப்பது நம் பாட்டில். போட்டோவை எடுத்துவிட்டேன். ஆர்டர் குறைந்தது. ஒரு வாரம் அந்த அக்காமேல் கோபமாகவும் இருந்தது.

இப்போது யாராவது முடி வளருமா என்று கேட்டால், தலை வறண்டு போகாமல் இருக்கும், சிக்கு விழாமல் சீவ வரும், அவ்வளவுதான் என்கிறேன். நம் நாட்டு மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்த மருந்தும் குணமாக்கும் என்று சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல். அதில் வழுக்கையும் இருக்கிறது, முடியின் நிறத்தை மாற்றுவதும் புது முடி முளைக்க வைப்பதும் இருக்கின்றன. மருந்துக்கே அந்தக் கட்டு என்றால் என் எண்ணெய்க்கு என்ன வாய்?

லைசென்ஸ் வேண்டும் என்பதே முதல் இரண்டு வருடம் எனக்குத் தெரியாது. தலை எண்ணெயோ சீயக்காய்த் தூளோ செய்து விற்பதற்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். எங்களுக்கு பேலஸ் ரோடு அலுவலகம். வீட்டுச் சமையலறைக்கு அது கிடைக்காது. இடம், ஆள், சோதனை வசதி என்று அவர்கள் கேட்பது என் வசதிக்கு மேல். கடைசியில் பீண்யாவில் உரிமம் உள்ள ஒரு சின்ன யூனிட்டில், என் முறைப்படி, நான் பக்கத்தில் நின்று காய்ச்சுகிற மாதிரி ஏற்பாடு செய்துகொண்டேன். லோன் லைசென்ஸ் என்பார்கள். செலவு கூடியது, பாட்டிலுக்கு விலையும் கூடியது. இதைப் போகப் போக எல்லோரும் செய்துவிடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், மாதம் 30 பாட்டில் விற்கிறவருக்கு இது கட்டுப்படியாகாது என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு தந்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தலை எண்ணெய் பாட்டிலில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது உணவுக்கானது. ஊறுகாய்க்கு வாங்கியதை எண்ணெய்க்கு ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். உத்யம் பதிவு, ஜிஎஸ்டி எண் எல்லாம் தொழில் இருக்கிறது என்பதற்குச் சான்று. பாட்டிலுக்குள் இருப்பதற்கு இல்லை. தயாரிப்பு உரிம எண், செய்தவரின் முழு முகவரி, பேட்ச், எம்ஆர்பி, புகாருக்கு ஒரு போன் நம்பர், இவைதான் பார்க்க வேண்டியவை. ஏமாந்துவிட்டால் 1915க்கு அடிக்கலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. முதலில் விற்றவரிடமே கேளுங்கள், அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

2025இல் தேங்காய் எண்ணெய் விலை தலைக்கு மேல் ஏறியது. கேரளத்தில் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போனது. தேங்காய் எண்ணெயைக் குறைத்து விலை குறைந்த எதையாவது கூட்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நாள் நினைத்தேன். நினைக்கவே இல்லை என்று எழுதினால் அது இன்னொரு லேபிள். பிறகு குழுவில் பழைய விலை, புதிய விலை, தேங்காய் எண்ணெய்க்கு நான் கொடுத்த விலை மூன்றையும் போட்டு, 40 ரூபாய் ஏற்றினேன். அந்த வருடம் செப்டம்பர் 22 முதல் தலை எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 18லிருந்து 5 சதவீதமானது. அந்த வித்தியாசத்தைக் கழித்ததையும் அதே மாதிரி போட்டேன். ஏற்றியபோது 12 பேர் விலகினார்கள். குறைத்தபோது இருவர் திரும்ப வந்தார்கள்.

ஜோகுபாளையத்துப் பாட்டி இப்போதும் வாங்குகிறார். புது லேபிளில் உள்ளதை எல்லாம் தமிழிலும் கன்னடத்திலும் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

“இது என்னது, ஆமணக்கு எண்ணெய்?”

“விளக்கெண்ணெய்தான் பாட்டி.”

“அதை அப்படியே போட்டா என்ன? மறுபடியும் என்னமோ கலந்துட்டியோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்.”

அடுத்த அச்சில் மாற்றிவிட்டேன். எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறார். அதற்கு அந்தக் கூந்தல் பெண்ணை எடுத்தால்தான் இடம் கிடைக்கும்.